வெயிலில் நீளும் சங்கிலி

கேள்வி: சூடுபட்டால் உலோகம் விரியுமாம். கண்ணுக்கே தெரியாத இதைப் படித்து என்ன லாபம், ஐயா? – ஒன்பதாம் வகுப்பு மாணவர், சேலையூர்

பதில்: லாபம் உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது, தம்பி. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன், பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கி.மீ. தரையை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் வேலைக்கு அதுதான் அடிக்கோடு. அளக்கத் தேர்ந்தெடுத்த மாதத்தைப் பாருங்கள்: நம்ம ஊர்ச் சித்திரை!

வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். ‘பூ, இவ்வளவுதானா?’ என்பீர்கள். 12 கி.மீ.க்கு அதை ஏறக்குறைய 400 தடவை நீட்ட வேண்டுமே! மொத்தப் பிழை சுமார் ஒன்றரை மீட்டர். ஆகவே மனிதர் சங்கிலியை மாப்பிள்ளை மாதிரி மரப்பெட்டிக்குள் படுக்கவைத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, காய்ச்சல் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார். உங்கள் புத்தகத்தில் இருக்கும் அதே நீள்விரிவுக் கணக்குதான்.

பிற்பாடு எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் இங்கே தொடங்கிய அந்த முக்கோணங்களின் தொடர்ச்சியில்தான்.