கலர் காட்டியவர்கள்

ஏற்காடு அடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்துத் தமிழுக்கே கலர் காட்டியது. பிரெஞ்சு மௌனப்படக்காரர்கள் என்ன கிழித்தார்கள்?
– ஏற்காடு வாசகர்

கிழிக்கவில்லை, பூசினார்கள்!

ஜார்ஜ் மெலியே 1902-இல் எடுத்த 'நிலவுக்கு ஒரு பயணம்' சுமார் கால் மணி நேரப் படம். அவர் படங்களுக்குப் பாரிஸில் எலிசபெத் துய்லியேயின் பட்டறைப் பெண்கள்தான் கலர். தபால் தலையைவிடச் சின்ன ஃப்ரேம், அதற்குள் நுனித் தூரிகை. ஆளுக்கு ஒரே நிறம். சிவப்புக்காரி முடித்தால்தான் பச்சைக்காரி கைக்குப் போகும். மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி, சேலத்து டி.ஆர். சுந்தரத்துக்கு இந்தப் பாடு இல்லை, கேவாகலர் பிலிம் வந்துவிட்டது.

அந்த மெலியே தன் படங்களைத் தானே கொளுத்தினாராமே, கண் திருஷ்டியா?
– அதே வாசகர்

கடன் திருஷ்டி!

1923-இல் ஸ்டூடியோ கைவிட்டுப் போனபோது நெகட்டிவ்களை எரித்தார். மாடர்ன் தியேட்டர்ஸுக்கு ஏற்காடு சாலையில் நுழைவு வளைவாவது மிஞ்சியது. இவருக்கு மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் ஒரு பொம்மைக் கடை. எடுத்தது 500 படங்களுக்கு மேல், இன்று கிடைப்பது பாதிகூட இல்லை. அதிலும் சில பிழைத்தது, காப்புரிமைக்காக அமெரிக்காவில் காகிதச் சுருளில் அச்சிட்டுத் தாக்கல் செய்திருந்ததால்!