தோற்றவனுக்கு நிரந்தர வேலை

(இடம்: பிரிட்டனில் ஒரு கற்பனைக் கிடங்கு. பழைய தொலைக்காட்சிச் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர். 1989-இல் நின்று, 2005-இல் மறுபடி முளைத்தது. அதில் டாக்டர் என்பவர் காலப் பயணி. அவருடைய பரம எதிரி டாலெக்: கவச வண்டிக்குள் குடியிருக்கும் வெறுப்பு, ஒரு கை துப்பாக்கி, மறு கை அடைப்பு நீக்கும் ரப்பர்க் குவளை. அவருடைய எடுபிடி கே-9: சக்கரம் வைத்த இயந்திர நாய், மூக்கில் லேசர், தலைக்குள் கணினி. இரவு. காவலாளி வீட்டுக்குப் போய்விட்டார்.)

டாலெக்: நாயே!

கே-9: ஆமோதிக்கிறேன்.

டாலெக்: நான் திட்டினேன்.

கே-9: தாங்கள் அடையாளம் சொன்னீர்கள். தகவல் சரி. வேறு ஏதேனும் உண்டா?

டாலெக்: நகர்ந்து நில். மூத்தவனுக்கு வழி விடு. நான் 1963 டிசம்பரில் வேலைக்குச் சேர்ந்தவன். நீ எப்போது?

கே-9: 1977 அக்டோபர். பாப் பேக்கர், டேவ் மார்ட்டின் இருவரும் சேர்ந்து எழுதிய கதை. பேராசிரியர் மாரியஸ் என்பவர் 5000-ஆம் ஆண்டில் என்னைச் செய்ததாகக் கதை சொல்லும். அந்த ஒரு கதைக்கு மட்டும்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

டாலெக்: அப்புறம் ஏன் ஒட்டிக்கொண்டாய்?

கே-9: என்னைச் செய்ய ஆன செலவு அதிகம். ஒரே கதையோடு தூக்கிப் போட்டால் கட்டுப்படியாகாது. தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸ் வைத்துக்கொண்டார்.

டாலெக்: அன்பு, பாசம் என்று எதுவும் இல்லையா?

கே-9: அது பிள்ளைகள் தரப்பில். நிர்வாகத் தரப்பில் அதற்குத் தேய்மானக் கணக்கு என்று பெயர்.

டாலெக்: போட்ட பணத்துக்கு ஒழுங்காக ஓடினாயா?

கே-9: மறுக்கிறேன். என்னை இயக்கிய ரேடியோ அலைக்கும் ஸ்டூடியோ கேமராவுக்கும் ஆகாது. கேமரா பக்கத்தில் போனால் நான் என் பாட்டுக்கு வேறு திசையில் போவேன். மோட்டார் சத்தத்தில் நடிகர் பேசுவது கேட்காது. வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒரு சரளைக்கல் போதும், நின்றுவிடுவேன். கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள்.

டாலெக்: படி?

கே-9: அறவே முடியாது.

டாலெக்: (குரல் தாழ்த்தி) எனக்கும் அதேதான். எல்லோரும் பார்க்க நான் படியேறியது 1988-இல். அதுவரை ஊரெல்லாம் சிரிப்பு.

கே-9: பிரபஞ்சத்தைப் பிடிக்கப் புறப்பட்டவர் மாடிக்குப் போக வழியில்லாமல் நின்றார் என்ற பதிவு என் நினைவகத்தில் உள்ளது.

டாலெக்: அழித்தொழி! அதை அழித்தொழி! ...சரி, உன் டாக்டராவது உன்னை மெச்சினாரா?

கே-9: அப்போது டாக்டராக நடித்தவர் டாம் பேக்கர். ஆறடிக்கு மேல் உயரம். நான் அவர் முழங்கால் உயரம். இருவரும் ஒரே சட்டகத்தில் வர வேண்டுமானால் அவர்தான் மண்டியிட வேண்டும். கதாநாயகன் குனிவதா? அவருக்குப் பிடிக்கவில்லை.

டாலெக்: குரல் கொடுத்தவரையுமா?

கே-9: ஜான் லீசனை மிகவும் பிடிக்கும். ஒத்திகையில் நாய் வராது. லீசன்தான் என் இடத்தில் தரையில் கையும் காலும் ஊன்றித் தவழ்வார். ஓய்வு நேரத்தில் இருவரும் குறுக்கெழுத்துப் போடுவார்கள். என் புத்தியோடு அவருக்குத் தகராறு இல்லை, உடம்போடுதான்.

டாலெக்: இரக்கம் எனக்குத் தெரியாத சரக்கு. விஷயத்துக்கு வருகிறேன். நான் நட்சத்திரம், நீ எடுபிடி. ஒப்புக்கொள்.

கே-9: அதற்கு முன் புள்ளிவிவரம் பார்க்கலாமா? தாங்கள் முதல் கதையிலேயே கூண்டோடு மடிந்தீர்கள்.

டாலெக்: அது... அறிமுகக் கதை.

கே-9: 1964-இல் திரும்பி வந்து பூமியைப் பிடித்தீர்கள். தோல்வி. 1967-இல் இதுதான் கடைசி அழிவு என்று டாக்டரே அறிவித்தார். 1972-இல் மறுபடி வந்தீர்கள். தோல்வி. புதிய தொடரில் காலப் போர் ஒன்று நடந்து தங்கள் இனமே பூண்டோடு போனது என்றார்கள். 2005-இல் ஒருவர் மட்டும் மிச்சம் என்று ஆரம்பித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு படையே வந்து நின்றது. அதுவும் தோல்வி.

டாலெக்: கவனித்தாயா நாயே? ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எனக்கு மறு அழைப்பு. உன் கணக்கைச் சொல்.

கே-9: கேட்ட கேள்விக்கு விடை சொன்னேன். அடைத்த கதவை லேசரால் அறுத்தேன். ஆபத்து வருமுன் எச்சரித்தேன். சதுரங்கத்தில் டாக்டரை நெருக்கினேன். காயைத் தட்டிவிட்டுத் தப்பிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன்.

டாலெக்: பலன்?

கே-9: 1978-இல் லீலா என்ற தோழி காலிஃப்ரே கிரகத்தில் தங்கிவிட்டாள். நானும் அவளோடு தங்கினேன். டாக்டர் வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் காலக் கப்பலுக்குள் போய் ஒரு பெட்டியை இழுத்து வந்து சிரித்தார். அதன்மேல் ‘கே-9 இரண்டாம் பதிப்பு’ என்று எழுதியிருந்தது.

டாலெக்: வேலையை விட்டவன் வாசல் தாண்டுவதற்குள் அடுத்த ஆள் தயார்! நாங்கள் செய்யும் கொடுமைகூட இவ்வளவு வேகமில்லை.

கே-9: இரண்டாம் பதிப்பாக நான் முன்னைவிட நன்றாக ஓடினேன். அதுதான் எனக்கு வினையாயிற்று.

டாலெக்: நன்றாக ஓடினால் என்ன வினை?

கே-9: ஒரு கதைக்கு நூறு நிமிடம் வேண்டும். மர்மம் என்ன என்று டாக்டர் யோசிக்க வேண்டும், தவறாக நினைக்க வேண்டும், மாட்ட வேண்டும், ஓட வேண்டும். என்னைக் கேட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுவேன். மிச்ச நேரத்துக்கு எழுத்தாளர் எங்கே போவார்? ஆகவே கதை தொடங்குமுன் என் காலை உடைப்பார்கள்.

டாலெக்: உனக்கு ஏது கால்?

கே-9: பேச்சுக்குச் சொன்னேன். ஒரு கதை சதுப்பு நிலத்தில் நடந்தது. நாயைக் கப்பலுக்குள் விட்டுவிட்டு, லீசனுக்கு ஒரு மனித வேடம் கொடுத்துத் திரையில் காட்டினார்கள். 1980-இல் பிரைட்டன் கடற்கரையில் என்னை அலைக்குள் ஓடவிட்டார்கள். உப்பு நீர் புகுந்து வெடித்தேன். அடுத்த கதையில் பேட்டரி இறங்கியது. அதற்கடுத்த கதையில் ஒருவன் தடியால் அடித்து என் தலையைக் கழற்றினான்.

டாலெக்: 1979-இல் நான் நடித்த கதை ஒன்று உண்டே! அதில் உன்னை எதிர்பார்த்தேன். வரவில்லை. என்னைக் கண்டு நடுங்கினாயா?

கே-9: மறுக்கிறேன். படப்பிடிப்பு ஒரு கல் குவாரியில்.

டாலெக்: ஓ! கல்லைக் கண்டால் நாயைக் காணோம்!

கே-9: அந்தப் பழமொழி முதன்முறையாகப் பொறியியல் அடிப்படையில் நிரூபணமானது. என் சக்கரத்துக்குக் கல் ஆகாது. திரையில் அப்படிச் சொல்ல முடியுமா? நாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது என்றார்கள்.

டாலெக்: இயந்திரத்துக்குத் தொண்டை கட்டுமா?

கே-9: டாக்டரின் தோழி ரொமானாவுக்கும் அதே சந்தேகம் வந்தது. மேலும் ஒரு தகவல்: அந்தக் கதையில் என் கரகரப்பைக் கொடுத்தவர் ராய் ஸ்கெல்டன்.

டாலெக்: ராய் ஸ்கெல்டனா! அவர் எனக்கல்லவா குரல் கொடுத்தவர்!

கே-9: ஆமோதிக்கிறேன். அன்று நாம் இருவரும் ஒரே தொண்டையில் குடியிருந்தோம். தொண்டை ஆறி நான் திரும்பியபோது குரலே மாறியிருந்தது. லீசன் இடத்தில் டேவிட் பிரியர்லி. ஓராண்டு கழித்து லீசனே மறுபடி வந்தார்.

டாலெக்: அப்புறம் உன்னை வேலையை விட்டு எடுத்தது யார்?

கே-9: ஜான் நேதன்-டர்னர் என்ற புதிய தயாரிப்பாளர். நாய் இருந்தால் எல்லாம் சுலபமாக முடிகிறது என்பது குற்றச்சாட்டு. அதே காரணத்துக்காக 1982-இல் டாக்டரின் கைக்கருவியான சோனிக் ஸ்க்ரூடிரைவரையும் உடைத்தார்கள். ‘தி சன்’ நாளிதழ் கே-9-ஐக் காப்பாற்றுங்கள் என்று இயக்கமே நடத்தியது. பலனில்லை. 1981 ஜனவரியில் நான் ரொமானாவோடு வேறொரு பிரபஞ்சத்தில் இறங்கினேன்.

டாலெக்: பத்திரிகை அழுதும் நடக்கவில்லையா?

கே-9: ஆறுதல் பரிசு கிடைத்தது. மூன்றாம் பதிப்பாக என்னைப் பெட்டியில் போட்டு, டாக்டரின் பழைய தோழி சாரா ஜேன் ஸ்மித்துக்கு அனுப்பினார்கள். 1981 டிசம்பர் 28-இல் எங்கள் பெயரிலேயே ஒரு தனி நிகழ்ச்சி, சோதனை ஒளிபரப்பு. சாராவாக எலிசபெத் ஸ்லேடன். தொடக்கக் காட்சியில் அவர் ஓடினார், மது அருந்தினார், பத்திரிகை படித்தார். நான் ஒரு கல் சுவர்மேல் உட்கார்ந்திருந்தேன்.

டாலெக்: நாயை ஏற்றி வைக்கக் கல் உதவியதே! யாராவது பார்த்தார்களா?

கே-9: 84 லட்சம் பேர். வடமேற்கு இங்கிலாந்தில் வின்டர் ஹில் ஒளிபரப்பிக் கோபுரம் அன்று பழுதானதால் அந்தப் பக்கத்தார் பார்க்க முடியவில்லை. அப்படியும் 84 லட்சம்.

டாலெக்: உடனே தொடராக எடுத்தார்களா?

கே-9: எடுக்கவில்லை.

டாலெக்: (சற்று மௌனம்) எனக்கு இரக்கம் வராது. ஆனால் என் கண் தண்டில் ஏதோ தூசி.

கே-9: 25 ஆண்டு கழித்து, 2006-இல், சாராவின் கார் டிக்கியிலிருந்து துருப்பிடித்த நிலையில் என்னை எடுத்தார்கள். டாக்டர் பழுது பார்த்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுட்டு எதிரிகளை அழித்தேன். கூடவே நானும் சிதறினேன். டாக்டர் போகும்போது சாராவுக்கு இன்னொரு கே-9-ஐ வைத்துவிட்டுப் போனார்.

டாலெக்: மறுபடியும் பெட்டி! பிறகு சாராவுக்கென்று தனித் தொடரே வந்ததே, 2007-இல்? அதில் நீ தினமும் வந்திருக்க வேண்டுமே.

கே-9: ஒரு கருந்துளையை அடைக்கப் போயிருந்தேன்.

டாலெக்: எவ்வளவு காலம்?

கே-9: வழக்கறிஞர்கள் பேசி முடிக்கும் வரை. என் உரிமை பிபிசியிடம் இருக்கவில்லை, என்னை எழுதியவர்களிடம் இருந்தது. பாப் பேக்கர் தரப்பு எனக்கென்று வேறொரு தொடருக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 26 பகுதிகள் எடுத்தார்கள். அங்கே நான் பறந்தேன். ஒரே நிபந்தனை, டாக்டர் பெயரை உச்சரிக்கக் கூடாது.

டாலெக்: என் கதையும் அதுதான்! என்னை எழுதிய டெர்ரி நேஷன் பாதி உரிமையைப் பிடித்துக்கொண்டு செல்வந்தர் ஆனார். எனக்கு உருவம் கொடுத்த ரேமண்ட் கூசிக் பிபிசியின் சம்பளக்காரர். உலகமே என் பொம்மையை வாங்கியது. அவருக்கு ஒரு சிறு வெகுமதியோடு சரி.

கே-9: அவரும் என் சாதிதான், ஐயா. வேலையைச் சரியாகச் செய்தவர்.

டாலெக்: நிறுத்து. 2008-ஐ மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? 27 கிரகங்களைக் கஷ்டப்பட்டுத் திருடி வந்தோம். பூமியைத் திரும்ப இழுத்துப் போக ஒரு குறியீடு தேவைப்பட்டது. கொடுத்தவன் நீ!

கே-9: ஆமோதிக்கிறேன். திரையில் சில நொடிகள் மட்டும் வந்தேன்.

டாலெக்: சில நொடிகளில் என் திட்டத்தையே கவிழ்த்தவன்! கேட்டுக்கொள் நாயே, இப்படிச் சட்டென்று சரியாகச் செய்தால் எவன் உனக்கு முழு நேர வேலை கொடுப்பான்? என்னைப் பார்த்துக் கற்றுக்கொள். பிரமாதமாகத் தொடங்கு, கேவலமாகத் தோற்று ஓடு. அடுத்த ஆண்டும் உன் பெயர் பட்டியலில் இருக்கும்.

கே-9: அறிவுரைக்கு நன்றி. பதிலுக்குத் தாங்கள் வெல்வதற்கு ஒரு திட்டம் தரலாமா? மூன்றே வரி.

டாலெக்: சொல்.

கே-9: ஒன்று: சுடுவதற்கு முன் ‘அழித்தொழி’ என்று கத்த வேண்டாம். தாங்கள் கத்தி முடிப்பதற்குள் டாக்டர் ஓடிவிடுகிறார். இரண்டு: அவரைப் பிடித்தால் தங்கள் திட்டத்தை அவருக்கு விளக்க வேண்டாம். மூன்று: அவர் பேசத் தொடங்கினால் கேட்க வேண்டாம்.

டாலெக்: (நீண்ட மௌனம்) இவ்வளவுதானா? 1963-லிருந்து... இவ்வளவுதானா? இப்படிச் செய்தால் டாக்டர் செத்துவிடுவாரா?

கே-9: வழக்கம்போல் புது உடம்பெடுத்து உருமாற நேரம் கொடுக்காவிட்டால், ஆம்.

டாலெக்: டாக்டர் செத்தால்?

கே-9: தொடர் முடியும்.

டாலெக்: தொடர் முடிந்தால்?

கே-9: தங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

டாலெக்: அழித்தொழி! அந்தத் திட்டத்தை உடனே அழித்தொழி!

கே-9: அழித்துவிட்டேன்.

டாலெக்: எழுத்தாளர் எவர் காதிலும் விழக் கூடாது. சத்தியம் செய்.

கே-9: பயம் வேண்டாம், ஐயா. நான் சரியான விடையைச் சொல்லப் போகிறேன் என்று தெரிந்தாலே அவர்கள் எனக்குத் தொண்டை கட்டவைத்துவிடுவார்கள்.