‘நான்’ இல்லாத கூட்டம்

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நடக்கும் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. பேசப்போகிறவரைச் சற்று முன்னதாக ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். 1846-இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி மேடைக்குப் பயந்து நழுவிவிட, மைக்கேல் ஃபாரடே தாமே பேசிச் சமாளித்தார், அதிலிருந்துதான் இந்தப் பூட்டு என்று கதை. மணி அடித்ததும் வரவேற்புரை, வாழ்த்துரை எதுவுமின்றிப் பேச்சாளர் நேரே விஷயத்துக்கு வந்துவிட வேண்டும்.

நம் ஊரில் பேச்சாளர்கள் ஓடுவதில்லை. பூட்டு வாங்கினால் அரங்கத்துக்குத்தான் வாங்க வேண்டும்.

சமீபத்தில் எங்கள் ஊரில் ஒரு மனநலச் சொற்பொழிவுக்குப் போனேன். தலைப்பு, ‘நான் என்று ஒன்று உண்டா?’ இல்லை என்று நிரூபிக்க ஒரு மனோதத்துவப் பேராசிரியர் வந்திருந்தார். அவருக்கு முன்னால் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, அறிமுகவுரை. அறிமுகம் செய்தவர் பேராசிரியர் பிறந்த கிராமத்தில் தொடங்கி, பட்டங்கள், பதக்கங்கள் வழியாக, அவர் மருமகன் வேலை பார்க்கும் ஊர்வரை போய்த்தான் நின்றார். பிறகு பொன்னாடை. இத்தனையும் இல்லாத ஒரு ‘நானு’க்கு!

பேச்சு பிரமாதம். 1739-இல் வெளியான தம் புத்தகத்தில் டேவிட் ஹியூம் என்ற தத்துவஞானி தமக்குள் ‘நான்’ எங்கே என்று தேடினாராம். சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என்று ஏதாவது ஓர் உணர்வுதான் அகப்பட்டதாம், ஆளைக் காணோம். பாவம், அவர் கையில் நம் ஊர் அழைப்பிதழ் இல்லை. முன்னிலை வகிப்பவரின் பெயர் தலைவர் பெயரைவிடச் சிறிய எழுத்தில் வந்ததற்காக அச்சகத்தில் நடந்த சண்டையைப் பார்த்திருந்தால், அந்தப் புத்தகத்தையே எழுதியிருக்கமாட்டார்.

அடுத்து ரப்பர் கை. 1998-இல் போட்வினிக், கோஹன் என்ற இருவர் வெளியிட்ட சோதனை. சொந்தக் கையைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து, கண்ணெதிரே ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பிரஷ்ஷால் வருடினால், கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே நம் கை என்று தோன்றிவிடும். அதைச் செய்துகாட்ட மேடையேறியவர் எங்கள் தெரு ரிட்டயர்டு தாசில்தார். பேராசிரியர் ரப்பர் கைமேல் சுத்தியலை ஓங்கியதும், “ஐயோ, என் கை!” என்று அலறினார். அரங்கமே அசந்துபோனது. எனக்கு ஆச்சரியமில்லை. அரசாங்க ஜீப்பையே பல வருஷம் ‘என் வண்டி’ என்று சொன்னவர் அவர். அதற்கு யாரும் பிரஷ்ஷால் வருடவில்லை. உடம்பு மட்டுமல்ல, துணிமணி, வீடு, பெண்டாட்டி பிள்ளை, நல்ல பெயர், பாங்க் கணக்கு என்று எதையெல்லாம் ஒருவன் ‘என்னுடையது’ என்கிறானோ அதெல்லாம் சேர்ந்ததே அவனுடைய ‘நான்’ என்று மனோதத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். அவர் பட்டியலில் குதிரைகூட உண்டு. ஜீப் அப்போது வந்திருக்கவில்லை.

கேள்வி நேரம் வந்தது. முதலில் எழுந்தவர், “கேள்வி இல்லை சார், ஒரு சின்னக் கருத்து” என்று தம் சுயசரிதையைச் சொன்னார். அடுத்து ஓர் அம்மாள், “டாக்டர், மாடி ஏறினா முட்டி உயிர் போகுது” என்றார். தாம் அந்த டாக்டர் இல்லை என்று பேராசிரியர் விளக்கினார். அம்மாள் விடவில்லை: “நான் இல்லைன்னு சொல்றீங்க, சரி. முட்டி இருக்கே!”

அன்றைக்குப் பேராசிரியரிடம் பதில் இல்லாத ஒரே கேள்வி அதுதான்.

நன்றியுரையில் மைக் செட்காரர்வரை எல்லோருக்கும் நன்றி கிடைத்தது. முன்னிலை வகித்தவர் பெயர் மட்டும் விட்டுப்போயிற்று. ‘நான் இல்லை’ என்று வந்த இடத்திலெல்லாம் பலமாகக் கைதட்டியவர் அவர்தான். சுண்டலைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதத் தலைப்பு, ‘கோபத்தை வெல்வது எப்படி?’ சமாதானமாக, தலைமை அவருக்கே. அழைப்பிதழ் புரூஃபைத் தாமே திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.