சிலியை முந்திய காவலூர்

ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். வரைபடத்தில் அது 2340 மில்லிமீட்டர். அலகு குறிக்காமல் அந்தக் கோப்பை அனுப்பி, வாங்கியவர் அங்குலக் கணக்கில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இறக்கினால் ஆடி 59 மீட்டராகிவிடும்! சிலியில் வெறும் 39 மீட்டர் ஆடிக்கு ஐரோப்பியர்கள் ஆண்டுக்கணக்கில் மாரடிக்கிறார்கள். நமக்கு டெண்டர்கூட வேண்டியதில்லை.

சர்வேயர் தரும் மலைக் கோப்பு இன்னும் விசேஷம். யுடிஎம் என்ற நில ஆயத்தொலைவுக் கணக்கு பூமத்திய ரேகையில் தொடங்குவதால், மலை வடக்கே ஏறத்தாழ 14 லட்சம் மீட்டரில் போய் உட்கார்ந்திருக்கும். கட்டடத்தைப் பூஜ்ஜியத்தில் வரைந்தவர் இரண்டையும் ஒரே திரையில் தேடினால் கிடைப்பது இரண்டு புள்ளிகள். கோப்பின் எழுத்துரு இல்லாத கணினியில், அதே மலையிலுள்ள ஜமுனாமரத்தூரின் பெயர் வெறும் கேள்விக்குறி வரிசையாகிவிடலாம். மனு கொடுத்தே பழகிய ஊருக்கு அது புதிதா என்ன!

அனுப்புகிறவரே, அலகை எழுதித் தொலையுங்கள். வாங்குகிறவரே, முதலில் ஒரு கதவை அளந்து பாருங்கள். 900 மில்லிமீட்டர் கதவு 23 மீட்டர் காட்டினால், தயவுசெய்து தச்சரிடம் கொடுக்காதீர்கள்.