தாயில்பட்டியில் ஒரு மாமிசபட்சிணி

மழை வந்தால் மகிழ்வது மற்ற ஊர்களின் வழக்கம். எங்கள் தாயில்பட்டியிலோ, வானத்தில் ஒரு கருமேகம் தலைகாட்டிவிட்டால், மருந்தும் திரியும் காயாதே, ஆலை ஓடாதே, கூலி நின்றுபோகுமே என்று ஜனங்கள் கலங்கிப்போவார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் இந்த வட்டாரத்தில் வேரூன்றியதற்கே மழை குறைந்த இந்த வறண்ட சீதோஷ்ணம் ஒரு முக்கிய காரணம். அப்பேர்ப்பட்ட புண்ணிய பூமியில், காற்றில் சதா ஈரம் ததும்பினாலொழிய ஜீவிப்பதில்லை என்று விரதம் பூண்ட நெப்பந்தஸ் என்னும் கெண்டிச்செடியை வளர்க்க எனக்கு ஏன் தோன்றிற்று என்று கேட்பவர்களுக்கு, அறுபதைக் கடந்தவனுக்கு இப்படி ஏதாவது தோன்றத்தான் செய்யும் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

பாரத தேசத்தில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் ஒன்றே ஒன்றுதான். மேகாலயத்துக் காரோ, காசி, ஜயந்தியா மலைகளில் வாழும் காசியானா. அருகிவரும் அதைக் காட்டிலிருந்து பறிப்பது குற்றம். நான் வாங்கியது நர்சரியில் பிறந்த கலப்பினம். அதனிடம் குலகோத்திரம் விசாரிப்பது மரியாதையல்ல.

"ஏங்க, இது கொசுவைத் தின்னுமா?" என்றுதான் என் மனைவி முதலில் கேட்டாள். தின்னும்; ஆனால் எறும்பின்மேல்தான் அதற்குப் பிரியம் அதிகம். கெண்டி பூவுமல்ல, காயுமல்ல. இலையின் நுனி கொடியாக நீண்டு, அதன் முனை உப்பிக் குடுவையாகிறது. இரை விழுந்தவுடன் மூடி படாரென்று சாத்திக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். ஒருமுறை திறந்த மூடி அசைவதே இல்லை, மழைநீர் உள்ளே நிறையாமல் காப்பதே அதன் உத்தியோகம். ஒரு நாள் காலை, தண்ணீர் தெளித்த ஈரம் காயுமுன், கட்டெறும்பு ஒன்று விளிம்பில் சுரந்த தேனை ருசித்தபடி, கல்யாணப் பந்தியில் இடம் பிடித்தவரைப்போல நிதானமாகச் சுற்றிவந்ததைக் கண்டேன். முன்னங்கால் வழுக்கியது, உட்சுவரின் மெழுகு பிடி கொடுக்கவில்லை, அடியில் தேங்கிய செரிமான நீரில் போய் விழுந்தது.

இதைப் பசி என்று எண்ணிவிடக் கூடாது. ஆகாரத்தை அது மற்றச் செடிகளைப்போல வெயிலைக் கொண்டே சமைத்துக்கொள்கிறது. பூச்சியிடம் அது தேடுவது, பிறந்த மண்ணில் கிடைக்காத தழைச்சத்தை. போர்னியோ மலையிலுள்ள லோவியை என்ற இனமோ, மர மூஞ்சூறுகளுக்குத் தேன் கொடுத்து, அவை கழிக்கும் மலத்தைக் கெண்டியில் வாங்கிக்கொள்கிறது. இந்தச் செய்தியை நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தழைச்சத்துதானே என்று ஒரு கை எருவைப் போட்டால் வேர் கருகிவிடும். எங்கள் போர் தண்ணீரோ பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியவிடும் ரகம். அது இதற்கு விஷம். கத்திரி வெயிலில் இலைகள் மட்டும் வளர்ந்து, நுனிகள் கெண்டியாகாமலே சுருங்கிவிடுகின்றன. ஆகவே ஈரச் சாக்கைச் சுற்றிலும் தொங்கவிட்டிருந்தேன். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நாங்க காயணும் காயணும்னு சாமி கும்பிடுறோம், நீங்க ஈரத்தைக் கூட்டி வச்சிருக்கீங்களே, நியாயமா?" என்றார். நியாயமில்லைதான்.

மழைநீர் சேமித்த குடம் பங்குனியிலேயே காலியாகிவிடுகிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. செடிக்கு அது அமிர்தம். ஆதலால் சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையே ஏசி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்தக் குழாயடியில் தயவுசெய்து ஒரு வாளி வையுங்கள், சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.