அம்புக்குறி மாப்பிள்ளை

வாழப்பாடிப் பக்கம் சேகோ என்கிற ஜவ்வரிசி ஃபேக்டரி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மாப்பிள்ளைகள் மூன்று தினுசில் வாய்ப்பார்கள். ரிக் வண்டி மாப்பிள்ளை வடநாட்டில் போர் போட்டுக்கொண்டிருப்பார். தீபாவளிக்குத் தலைகாட்டுவார், தொந்தரவில்லை. ஃபைனான்ஸ் மாப்பிள்ளை வந்தால் வட்டியைப் பற்றி மட்டும் பேசுவார், சமாளித்துவிடலாம். மூன்றாமவர் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் பிசினஸ் அனலிஸ்ட். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வழக்கம் வந்தது முதல் மாமனார் வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டவர். நான் சொல்லவந்தது இவரைப் பற்றித்தான்.

இவர் கையில் எதைக் கொடுத்தாலும் கட்டமும் அம்புக்குறியுமாகத்தான் திரும்பி வரும். டீக்கடை பில்லின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் உறை, எதுவும் தப்பாது. பந்தியில் உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள், சாம்பார்க்காரரும் பொரியல்காரரும் எந்த இடத்தில் மோதிக்கொள்கிறார்கள் என்று இலை ஓரத்தில் விரலால் வரைந்து காட்டிவிடுவார்.

"இதெல்லாம் ஒரு மொழிங்க மாமா" என்பார். மெல்லிய வட்டம் போட்டால் தொடக்கம். தடித்த வட்டம் போட்டால் முடிவு. முனை மழுங்கிய கட்டம் ஒரு வேலை. சாய்சதுரம் வந்தால் வழி பிரிகிறது. இந்தப் பட மொழிக்குப் பெயர் பி.பி.எம்.என். 2004இல் முதல் வடிவம், 2011இல் 2.0, 2013இல் ஐ.எஸ்.ஓ. தரநிலையே ஆகிவிட்டது. அதற்கெல்லாம் முன்னால், 1921லேயே அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதி வேலையின் படிகளைப் படமாகப் போட்டு இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் காட்டினார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் பன்னிரண்டு. மாமியார் இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

ஃபேக்டரியையும் படமாக்கிவிடுவது என்று ஒருநாள் முடிவானது. மாமனார் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையிடம் எப்படி வேண்டாமென்பது?

உள்ளபடி அங்கே நடப்பது ஒரு மூச்சில் சொல்லக்கூடிய வேலை. குச்சிக்கிழங்கு லாரியில் வரும். எடை போட்டு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை வைப்பார்கள். தோல் நீக்கி, கழுவி, அரைத்துப் பால் எடுத்தால் திப்பி என்கிற சக்கை தனியாகப் போகும், பால் தொட்டிக்குப் போகும். அடியில் படிந்த மாவைக் குலுக்கி உருட்டி, சலித்து, வறுத்து, களத்து வெயிலில் காயவைத்து, 90 கிலோ மூட்டையாகப் பிடித்து, சேலத்தில் 1981இல் நிறுவப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்பனைக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான்.

படத்திலோ ஆளுக்கொரு நீளப் பட்டை. ஏஜென்ட், எடைமேடைக்காரர், தோல் உரிக்கும் பெண்கள், தொட்டிக்காரர், கணக்குப்பிள்ளை, டிரைவர் எல்லாருக்கும் உண்டு. மழைக்கு ஒரு சாய்சதுரம். கரண்டுக்கு இன்னொன்று. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டுக்கும் ஒரு கட்டம். அம்புகள் சிக்கெடுக்காத தலைமுடியாகக் கிடந்தன.

"ரொம்ப நல்லாருக்குதுங்க மாப்பிள்ளை. எனக்குத்தான் கண்ணாடி மாத்தோணும்போல" என்றார் மாமனார். சொன்னதோடு நில்லாமல் சேலம் போய்ப் புதுக் கண்ணாடியும் வாங்கி வந்தார். புதுக் கண்ணாடியில் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

படிக்க எளிதாக்குவது எப்படி என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாததல்ல. மெண்ட்லிங், ரெய்ஜர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் என்ற மூவர் 2010இல் எழுதிய ஏழு விதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பார்: கட்டங்களைக் குறை, தொடக்கமும் முடிவும் ஒவ்வொன்றே வை, என்ன செய்யவேண்டுமோ அதையே கட்டத்தின் பெயராக்கு, ஐம்பதைத் தாண்டினால் படத்தை உடை. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதுதான் கண்ணை அதிகம் குழப்புகிறது என்று ஹெலன் பர்ச்சேஸ் 1997இல் ஆட்களை வைத்துச் சோதித்துக் காட்டியதும் தெரியும். 'கிழங்கை எடை போடு' என்று எழுதவேண்டிய இடத்தில் 'மூலப்பொருள் அளவீட்டு மேலாண்மை' என்று எழுதியவரும் இவரேதான். ஐம்பது விதியை எடுத்துச் சொன்னால், "மாமா, கட்டம் நாப்பத்தொம்பதுதான். மீதியெல்லாம் குறிப்பு" என்பார்.

அப்படியானால் திருத்தம் என்ன செய்தார்? கட்டங்களுக்கு நிறம் கொடுத்தார். நிழல் கொடுத்தார். எழுத்துருவை மாற்றினார். அதற்கும் மசியவில்லையென்று எட்டடிக்கு ஃப்ளெக்ஸ் அடித்து ஆபீஸ் வாசலில் கட்டினார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, காதுகுத்து யாருக்கு என்று போட்டோவைத் தேடினார்கள்.

ஒரு கட்டத்தைக்கூட இவரால் எடுக்க முடியவில்லை. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று யாராவது முடிவு செய்தால்தானே எடுக்கலாம்? மழைக் கட்டத்தை எடுத்தால் களத்து ஆள் கோபிப்பார். புவிசார் குறியீட்டை எடுத்தால் மாமனாரே கோபிப்பார். எல்லாவற்றையும் போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பல பெரிய கம்பெனிச் சுவர்களில் தொங்கும் படங்களும் இந்தப் பயத்தில் பிறந்தவைதான் என்பது என் சந்தேகம்.

இத்தனைக்கும் படத்துக்குள் ஒரு நல்ல சரக்கு இருந்தது. கிழங்கு பில் கணக்குப்பிள்ளை மேசைக்கு வந்து, மாமனாரிடம் போய், மறுபடி அதே மேசைக்குத் திரும்பி, இன்னொரு கையெழுத்துக்கு மறுபடி மாமனாரிடம் போகிறது. விவசாயிக்குப் பணம் தாமதமாவது அந்த இடத்தில்தான். மாப்பிள்ளை அதைச் சரியாகவே வரைந்திருந்தார். அதன் மேல் மூன்று அம்புகள் குறுக்கே போனதால் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் கண்டுபிடித்தவர் கணக்குப்பிள்ளை. தன் பட்டையை மட்டும் விரல் வைத்துப் படித்த ஒரே ஆள். இரண்டாவது கையெழுத்து நின்றது. பெயர் மாப்பிள்ளைக்குத்தான் போனது, போகட்டும், நியாயம்தான்.

ஃப்ளெக்ஸ் அந்த ஐப்பசி மழைக்கே களத்துக்குப் போய்விட்டது. காயவைத்த ஜவ்வரிசியின் மேல் மூடிக் கிடந்ததைப் பார்த்து, "பார்த்தீங்களா மாமா, யூஸ் ஆகுது" என்றார் மாப்பிள்ளை.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டு மாடியிலும் இருக்கலாம். விரட்டாதீர்கள், கெட்டிக்காரர்தான். காபியோடு ஒரே ஒரு ஏ4 தாளை நீட்டி, இதற்குள் அடங்கவேண்டும் என்று சொல்லுங்கள். ஒட்டுப்போட இரண்டாவது தாள் கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.