லாரியில் வந்த காவிரி

கதையில் கூட்டுக் குடும்பம், பாட்டி, அசோகா அல்வா, கரைபுரளும் காவிரி. படப்பிடிப்போ ஏப்ரலில், திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில். மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். கதாநாயகனின் கால்ஷீட் அணைக்குத் தெரியுமா? லாரியில் தண்ணீர் வந்து இரண்டு படிகள் நனைந்தன. மிச்ச வெள்ளத்தை கிராஃபிக்ஸில் திறந்துவிடுவார்களாம்.

பாட்டிக்கு மகனைவிட வயது குறைவு. "பாசம் பத்தலம்மா, ஒன்மோர்!" என்றார் இயக்குநர். கட்டிக்கொண்டு அழுத பேரன், 'கட்' கேட்டதும் செல்போனைத் தேடி ஓடினான். வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்க் குடும்பங்களை, ஃபிரேமில் விழுகிறார்கள் என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படமாம்!

சினிமாவில் பொய் புதிதா என்ன? 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜியின் நாதஸ்வரத்துக்கு மூச்சு கொடுத்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். ஆனாலும் சிவாஜியின் கன்னம் உப்பியதைப் பார்த்து, சீவாளி பிடித்தே வளர்ந்த தஞ்சாவூர்க்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள். இங்கே அல்வா தின்பதையே நம்ப முடியவில்லை. கதாநாயகன் டயட்டில் இருக்கிறார். ஒவ்வொரு டேக் முடிந்ததும் அவர் துப்புவதற்கு, எம்.ஏ. படித்த உதவி இயக்குநர் ஒருவர் கிண்ணத்தோடு நின்றார்.